கூனிப்பாறை ஏரியில மீன் எண்ணின லட்சணம்

ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி வையும்மா. முன் சீட்டுக்காரரு வத்தலக்குண்டு ஸ்டாண்டுலயே முட்டை போண்டாவைத் தின்னுட்டு ஏறியிருக்காரு, அங்கயிருந்து ஏப்பமா விட்டுக்கிட்டு வர்றாரு. மலை ஏறப் போற பஸ்ஸுன்னு தெரியும்ல. கொஞ்ச நேரம் வாயைக் கட்ட முடியாதா. கருமம். எனக்கு வளைவெல்லாம் ஒண்ணும் செய்யாது, இந்த வாடைதான் ஆகாது.

உன் சட்டையில மீன் படம் போட்டிருக்கிறதைப் பாத்துத்தான் இந்த சீட்டுல வந்து உக்காந்தேன். மேல ஏரியில மீன் எண்ணப் போற கூட்டம்தான நீ? தன்னார்வலர். எனக்குத் தெரியாதா. அதே சட்டை என்கிட்டயும் ஒண்ணு கிடக்கு, தரை துடைக்க வச்சிருக்கேன். கோவிச்சுக்காத. உன்னைச் சொல்லலை. உன்னைப் பாத்தா நல்ல வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கு, துப்பட்டாவெல்லாம் போட்டிருக்க. நான் சொல்றது போன வருசம் எங்க ஏரிக்கு வந்துச்சு பாரு ஒரு கூட்டம், அதுகளை.

எங்க ஏரி கூனிப்பாறை ஏரி. நீ கேள்விப்பட்டிருக்க மாட்ட, போர்டு கூடக் கிடையாது அதுக்கு. சின்ன ஏரிதான். இந்தக் கரையில நின்னு கூப்பிட்டா அந்தக் கரையில இருக்கவங்க திரும்பிப் பாப்பாங்க. சுத்தி கோரைப்புல்லு, ஒரு பக்கம் பாறை. என் சமையக்கட்டு ஜன்னலைத் திறந்தா ஏரி. எங்க வீட்டுக்காரரு காப்பித் தோட்டத்துல கணக்கெழுதுற ரைட்டரா இருக்கப்ப கட்டுன வீடு. அவரு போய்ச் சேந்த பிறகு நான் காலையில எந்திரிச்சு மொத மொத முழிக்கிறது அந்தத் தண்ணி மூஞ்சியிலதான். மகள் மதுரைக்கு வந்துரு வந்துருன்னு அழுகுறா. நான் போகலை. ஏரிக்காகத்தான் போகலை, மாப்பிள்ளை ஒரு மாதிரிங்கறது வேற விசயம்.

அந்த ஏரியில சேலைக்கெண்டைன்னு ஒரு மீனு. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும், ஆனா உடம்பு நெடுக ஜரிகைக் கரை மாதிரி ஒரு கோடு ஓடும். வெயில் அடிக்கிறப்ப கூட்டமாத் திரும்புச்சுன்னா பட்டுச்சேலையை உதறின மாதிரி இருக்கும். நான் சுத்த சைவம்மா. முட்டை கூட எங்க வாசப்படி தாண்டுனதில்ல. மீன் வாடை அடிச்சா எனக்குக் குடலைப் பிடுங்கிக்கிட்டு வரும். ஆனா சட்டியில கிடக்கிற மீனு வேற, தண்ணியில ஓடுற மீனு வேற. அதுக மேல எனக்கு உசுரு.

இப்ப என்ன ஆச்சுன்னா, கீழ ஊருல தங்கப்பாண்டின்னு ஒருத்தன். லாட்ஜு வச்சிருக்கான். அவன் ஏரிக் கமிட்டியில போய், இந்த ஏரியைக் குத்தகைக்குக் குடுங்க, டூரிஸ்டுக்குத் தூண்டில் குடுத்து உக்கார வைக்கிறேன், ரெண்டு படகு விடுறேன்னு கேட்டான். கமிட்டியில பாதிப் பேரு அவன் வீட்டுக் கல்யாணத்துல பந்தியில முன்னால உக்காந்தவங்க. இருந்தாலும் ஊருல நாலு பேரு சத்தம் போட்டதுல, சரி, மொதல்ல ஏரியில எவ்வளவு மீன் இருக்குன்னு முறையா எண்ணட்டும்னாங்க. கொஞ்சமா இருந்தா ஏரியை மூடி வச்சிருவோம், ஒருத்தனும் கை நனைக்கக் கூடாது. ஏகத்துக்கும் இருந்தா திறந்து விட்டுருவோம். இதுதான் பேச்சு.

அதுக்குத்தான் பெனிட்டா வந்தா. நாகர்கோவில் பக்கம் அந்தப் பொண்ணு. மீனுக்குன்னே படிச்சவ. ஒல்லியா, கன்னம் ஒட்டிப் போய், காலுல அட்டை கடிச்ச தழும்பா இருக்கும். என் வீட்டு முன்னறையிலதான் தங்குனா. ஒரு நாள் சாயங்காலம் காப்பி குடிச்சுக்கிட்டே சொன்னா, "அம்மா, இந்த மீனு உலகத்துலயே இந்த ஏரியிலயும் இந்த மலையில இன்னும் ரெண்டு ஏரியிலயும்தாம்மா இருக்கு. இங்க போச்சுன்னா திரும்ப வராது." சொல்லும்போதே கண்ணு கலங்கிருச்சு அவளுக்கு. எனக்கும்தான். நான் அப்பவே சொல்லிட்டேன், நானும் வேலைக்கு வர்றேன்னு.

பெனிட்டா தங்கம். அவ கூட வந்ததுக இருக்கே, அதுகதான். மெட்ராஸ், பெங்களூருன்னு எங்கெங்கயோ இருந்து லீவு போட்டு வந்துச்சுக. இயற்கையை நேசிக்கிறாய்ங்களாம். வந்து எறங்குனதும் ஏரிக்கரையில பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டுத் திங்கிறாய்ங்க. மீன் எண்ண வந்த இடத்துல கோழிக்காலைக் கடிச்சு இழுக்கிறான் ஒருத்தன். எலும்பைத் துப்பி எங்க போடுறாய்ங்கன்னு பாத்தா கோரைப்புல்லுக்குள்ள. ச்சீ. எச்சில் கையைக் கழுவுறதும் ஏரியிலதான். ஒருத்தி குளிக்காமலே மூணு நாளு ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சா, கேட்டா குளுருதாம். குளுராம என்ன செய்யும், மலைம்மா இது.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி ரோஷன்னு ஒருத்தன். தாடி. கையில கழுத்துல எல்லாம் வெள்ளை வெள்ளையா எதையோ அப்பியிருப்பான், வெயிலுக்குப் பூசுற க்ரீமாம். எந்நேரமும் கூட்டத்துல சத்தமாச் சிரிக்கிற ஆளு. என்னை ஆன்ட்டி ஆன்ட்டிம்பான். செண்பகவல்லிம்மான்னு சொல்லுப்பான்னு சொல்லிப் பாத்தேன், நாக்குல நுழையலையாம். கோழிக்காலு மட்டும் நுழையுது.

வேலை எப்பிடின்னா, நீயும் நாளைக்கு இதைத்தான் செய்யப் போற, கேட்டுக்க. வலையை வச்சு மீனைப் பிடிக்கிறது. பிடிச்ச மீனை வாளித் தண்ணியில விட்டு அதுல பெனிட்டா கிராம்புத் தைலம் விடுவா. மயக்கம் வந்துரும். மயங்கின மீனோட வால் நுனியைக் கத்திரிக்கோலால ஒரு பொட்டு வெட்டுவா, அடையாளத்துக்கு. அப்புறம் வேற வாளியில நல்ல தண்ணியில போட்டு மயக்கம் தெளிய வச்சுத் திரும்ப ஏரியில விட்டுரணும். ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு மறுபடி வலை போட்டு, அதுல வால் வெட்டுன மீனு எத்தனை வருதுன்னு பாக்கணும்.

எதுக்குன்னு ரோஷன் எனக்கு இங்கிலீசுல வெளக்குனான். நான் அவனை நிறுத்துப்பான்னுட்டேன். அரிசி டின்னுல ஒரு கைப்பிடி கறுப்பு உளுந்தைப் போட்டுக் கலக்கி விட்டு, மறுபடி ஒரு ஆழாக்கு அள்ளுறேன்னு வையி. உளுந்து நிறைய வந்தா டின்னுல அரிசி கம்மி. ஒண்ணு ரெண்டுதான் வருதுன்னா டின்னு நிறைய அரிசி கிடக்குன்னு அர்த்தம். இதுக்கு எதுக்கு இங்கிலீசு. பெனிட்டா என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா. "அம்மா, நான் கிளாஸ்ல இதைத்தான் இனிமே சொல்லப் போறேன்"னா.

எனக்குக் குடுத்த வேலை மயக்கம் தெளிய வைக்கிற வாளிக. கறுப்பு வாளி, வரிசையா, கோரைப்புல்லு ஓரத்துல நிழலுல. பெனிட்டா மேசை போட்டு உக்காந்து வெட்டுறது அந்தப் பக்கம் பாறை மேல. அங்கயிருந்து வாளியைக் கொண்டாந்து வச்சிட்டுப் போவாய்ங்க, நான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்து விடணும். வேற யாருகிட்டயும் நம்பிக் குடுக்க முடியாது, நீங்கதாம்மா பொறுமையானவங்கன்னு பெனிட்டா சொன்னா. அது நெசம்தான்.

மொத வாளியைக் குனிஞ்சு பாத்தேம்மா. வெட்டுன வாலோட கிடக்குதுக. ஒண்ணு ரெண்டுல லேசா ரத்தம் கசியுது. அப்பிடியே சேத்துத் தண்ணியில கொண்டு போய் விடுன்னா புண்ணு என்னத்துக்காகும்? இந்தக் கழுதைக எச்சில் கழுவுன தண்ணி வேற. நம்ம வீட்டுல காய் நறுக்கையில விரல்ல கத்தி பட்டா என்ன செய்வோம்? பிள்ளை பெத்தவளுக்கு என்ன செய்வோம்? காது குத்துன பிள்ளைக்கு என்ன வைப்போம்? இதுகளுக்கு யாரு இருக்கா. இதைக் கூட யோசிக்காம வெட்டி வெட்டிப் போட்டுக்கிட்டு இருக்கு இவ்வளவு படிச்ச கூட்டம்.

வீட்டுக்குப் போய் மஞ்சளை எடுத்துட்டு வந்தேன். கடையில விக்கிற கலப்படமெல்லாம் இல்லை. குண்டு மஞ்சள் வாங்கி, காய வச்சு, மில்லுல நானே நின்னு அரைச்சது. வாளிக்கு ஒரு கை. கலக்கி விட்டேன். கறுப்பு வாளிங்கறதால வெளிய தெரியலை. தெரிஞ்சா அந்தத் தாடிக்காரன் சாம்பாரா ஆன்ட்டின்னு கேட்டு ஊரைக் கூட்டிச் சிரிப்பான், அதனால நான் யாரும் இல்லாதப்பத்தான் போட்டேன். இதுல என்ன இருக்கு. அவ கிராம்பைப் போடுறா, நான் மஞ்சளைப் போட்டேன். ரெண்டும் அஞ்சறைப்பெட்டிச் சாமான்தான.

உடனே சாந்தமாயிருச்சுகம்மா. அதுவரைக்கும் துள்ளிக்கிட்டு, வாளியில முட்டிக்கிட்டு இருந்ததுக, மஞ்சள் போட்டதும் மெல்ல மேல வந்து வாயை வாயைத் திறந்துச்சுக. நல்லாக் குடிக்குதுகன்னு எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. அப்புறம் அப்பிடியே அசையாமக் கிடந்துச்சுக. சிலது பக்கவாட்டுல சாஞ்சு தூங்குச்சு. கிராம்பு மயக்கம் இன்னும் போகலை போல, பெனிட்டா தைலத்தைக் கொஞ்சம் கூடத்தான் ஊத்துறா. நான் ஒவ்வொண்ணா உள்ளங்கையில ஏந்தி, கோரைப்புல்லுக்கு நடுவுல, தண்ணி ஆட்டம் இல்லாத இடமாப் பாத்து விட்டேன். ஓட மாட்டேங்குது. அலுப்பு. வெட்டுப்பட்ட உடம்பு. ரெஸ்ட் எடுக்கட்டும்னு விட்டுட்டேன்.

மீனைத் தொடுறதுன்னாலே எனக்கு ஆகாது. அதையும் செஞ்சேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் சீயக்காயைப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுவேன், அப்பவும் சோறு எறங்காது. பெனிட்டாவுக்காகச் செஞ்சேன். அந்த ஏரிக்காகச் செஞ்சேன்.

ரெண்டு நாள் கழிச்சு கோரைப்புல்லுப் பக்கம் போக முடியலை. அப்பிடி ஒரு நாத்தம். மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பி வந்தேன். கொக்கும் நீர்க்காக்காவும் பந்தி போட்டு உக்காந்திருக்கு. எல்லாம் அந்த பிரியாணி எலும்பு. நான் நேரா ரோஷன்கிட்ட போய், "ஏம்ப்பா, நீங்க துப்பிப் போட்ட எலும்பு அழுகி ஏரியே நாறுது, வெக்கமா இல்லையா"ன்னு கேட்டேன். அவன் எல்லா எலும்பையும் அன்னைக்கே பொறுக்கிட்டோம் ஆன்ட்டின்னான். பொறுக்குனா எப்பிடிம்மா நாறும்? பொய்யி. முழுப் பொய்யி.

பத்து நாள் கழிச்சு ரெண்டாவது தடவை வலை போட்டாங்க. மீனு வருது, வருது, வலை வலையா வருது. வால் வெட்டுன மீனு மட்டும் வரலை. பெனிட்டா ஒவ்வொண்ணா வெளிச்சத்துல தூக்கிப் பாக்குறா. கடைசியில ஒண்ணோ ரெண்டோ. அவ முகத்துல ரத்தமே இல்லை. அன்னைக்கு ராத்திரி என் வீட்டு முன்னறையில சாப்பிடாம உக்காந்து கணக்குப் போட்டா. உளுந்து வரலைன்னா டின்னு நிறைய அரிசின்னு நான் சொன்னேன்ல, அதேதான். ஏரியில மீனு கொட்டிக் கிடக்குன்னு கணக்கு சொல்லுது. தண்ணியை விட மீனுதான் ஜாஸ்திங்கற மாதிரி ஒரு கணக்கு.

"இது உண்மையா இருக்க முடியாதும்மா"ன்னா பெனிட்டா. "வெட்டுன மீனெல்லாம் செத்துப் போயிருக்கணும்"னா. நான் அவ தலையைத் தடவி, அப்பிடியெல்லாம் சொல்லாதம்மா, நான் என் கையால விட்டேன், ஒவ்வொண்ணும் நிம்மதியாப் போச்சுன்னேன்.

மறுநாள் எல்லாரையும் உக்கார வச்சு விசாரிச்சா. கையில ஏதாச்சும் பூசியிருந்தீங்களா, வாளியில சோப்புக் கீப்பு பட்டுச்சா, வெயில்ல வச்சிட்டீங்களான்னு. என்னையும் கேட்டா. சோப்பா? சோப்பு நான் எதுக்குப் போடுறேன். இல்லைம்மான்னேன். வெயில்ல வைக்கலை, நிழல்லதான் வச்சேன். கேட்டதுக்குப் பதில் சொல்லியாச்சு. வீட்டு வைத்தியத்தையெல்லாம் அந்தச் சபையில வச்சுச் சொன்னா அதுக என்னைக் காட்சிப் பொருளாக்கிரும்ல.

ஆனா ஒரு விசயத்தைச் சொன்னேன். ரோஷன் அந்த வெள்ளை க்ரீமைக் கையில அப்பிக்கிட்டுத்தான் மீனைத் தொட்டான், என் கண்ணால பாத்தேன்னு. பாத்தேன், நெசமாவே பாத்தேன். அவன் முகம் செத்துப் போச்சு. கையுறை போட்டிருந்தேன்னான், ஒரு தடவைதான் மறந்தேன்னான். பெனிட்டா ஒண்ணும் திட்டலை, அவனை ஒரு பார்வை பாத்தா, அவ்வளவுதான். அன்னைக்கே மூட்டையைக் கட்டிட்டான். பஸ் ஏறப் போகையில ரோட்டுல நின்னு அழுதுக்கிட்டிருந்தான், தாடி வச்ச ஆம்பளை. எனக்கு அருவருப்பா இருந்துச்சு. செய்யறதையெல்லாம் செஞ்சுட்டு அழுகை என்ன வேண்டிக் கிடக்கு.

பெனிட்டா கமிட்டியில போய்க் கெஞ்சுனா. எண்ணினது தப்பு, இன்னொரு தடவை எண்ண விடுங்கன்னா. தங்கப்பாண்டி எந்திரிச்சு, "நீங்கதான மேடம் எண்ணுனீங்க? கம்மின்னு வந்தா சரி, ஜாஸ்தின்னு வந்தா தப்பா?"ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் அங்கதான் உக்காந்திருந்தேன். ஏரியைத் திறந்து விட்டாங்க.

இப்ப வந்து பாக்கணும் நீ. படகு விடுறான், பாட்டுப் போடுறான். தூண்டிலுக்கு மைதா உருண்டை உருட்டி உருட்டித் தண்ணியில எறியிறாய்ங்க, அது புளிச்சு நுரை கட்டி மிதக்கு. பிள்ளைகளோட டயாப்பரு மிதக்கு. நான் பொய் சொல்லலை, என் சமையக்கட்டு ஜன்னல்ல இருந்து பாத்தேன். அன்னைக்கு இட்லி தட்டுல போட்டது போட்டபடி கிடந்துச்சு. ஜன்னலை மூடி ஆணி அடிச்சிட்டேன். சேலைக்கெண்டை ஒண்ணுகூட இல்லை. தூண்டில்ல வர்றதைப் படம் பிடிச்சிட்டுக் கரையில எறிஞ்சிருவாய்ங்க, திங்கக்கூட மாட்டாய்ங்க. அடுத்த மழைக்குள்ள முடிஞ்சு போச்சும்மா. நான் கரையைச் சுத்திச் சுத்தி வந்து பாத்தேன். பைத்தியக்காரி மாதிரி தினமும் போய்ப் பாத்தேன்.

மனுசங்களை நெனச்சாலே குமட்டுது. ஒரு க்ரீமு. ஒரு தாடிக்காரனோட ஒரு க்ரீமு, ஒரு ஏரியை அழிச்சிருச்சு.

இப்ப நீ போற ஏரி, பெனிட்டா சொன்ன அந்த ரெண்டுல ஒண்ணு. இன்னொண்ணு கோடையில வத்திப் போச்சாம், பேப்பர்ல போட்டிருந்தான். அப்ப இது ஒண்ணுதான் மிச்சம். அங்கயும் இதே மாதிரி எண்ணித்தான் முடிவு பண்ணப் போறாங்களாமே. பெனிட்டா என்னைக் கூப்பிடலை. ஏன் கூப்பிடலைன்னு தெரியலை, எங்க ஏரி நெனப்பு வந்துரும்னு இருக்கும். கூப்பிடாட்டிப் போகட்டும், மீனு என்ன பாவம் பண்ணுச்சு. தெளிய வைக்கிற வாளியில யாரை உக்கார வைக்கப் போறாளோ, இன்னொரு ரோஷனையா? அதான் நானே கிளம்பிட்டேன். பையில மஞ்சளும் எடுத்து வச்சிருக்கேன், இந்தத் தடவை வாளிக்கு ரெண்டு கையாப் போட்டுரணும்.

ஏன் உன் மூஞ்சி இப்பிடி வெளுத்துப் போச்சு? வளைவு ஒத்துக்கலையா? எலுமிச்சம்பழம் இருக்கு, மோந்துக்கிறியா? வேண்டாமா. சரி, போண்டா வாடைதான், நான் அப்பவே சொன்னேன்.

யாருக்குப் போன் போடுற? பெனிட்டாவுக்கா. போடு, போடு. செண்பகவல்லியம்மா பக்கத்துல உக்காந்திருக்காங்கன்னு சொல்லு, சந்தோசப்படுவா. அட, மஞ்சக் கதையை எதுக்கும்மா மொதல்ல சொல்ற. நான் எப்பிடி இருக்கேன்னு அவ கேக்கட்டும். என்கிட்டக் குடுக்கச் சொல்றாளா? குடு.

பெனிட்டா, நல்லா இருக்கியா கண்ணு. நேரத்துக்குச் சாப்பிடுறியா. ஆமா. ஆமா, போட்டேன். போன வருசம்தான், நம்ம ஏரியிலதான். அதை எதுக்கு இப்பக் கேக்குற? எந்த வாளியிலயா? எல்லா வாளியிலயும்தான். ஒண்ணுக்குப் போட்டு ஒண்ணுக்குப் போடாம விடுறதுக்கு நான் என்ன ஓரவஞ்சனை பிடிச்சவளா. நீ வெட்டி அனுப்புன அத்தனைக்கும் போட்டேன். ஒண்ணைக்கூட விடலை.

பெனிட்டா. கேக்குதா.

இந்தா, நீயே பேசு. லைன் கட்டாகலை. அழுகுற சத்தம் கேக்குது, பேசத்தான் மாட்டேங்குறா. நாத்தத்துல கையை விட்டு இத்தனை செஞ்சிருக்கேன், நல்லா இருங்கம்மான்னு ஒரு வார்த்தை வருதா பாரு.